மாமனார் கண்ட குறை

"ஏலே பென்சன், உன் ஊருல ஒருத்தனுக்கும் சோலியே கெடையாதா?"

உபகாரம் கம்ப்யூட்டர் திரையை விரலால் தட்டினார். அதில் அவர் மகன் பென்சன் உருவாக்கும் வீடியோ கேம் ஓடிக்கொண்டிருந்தது. காணாமல் போன கோயில் மணியைத் தேடி ஒரு வீரன் மலையூருக்கு வரும் சாகச விளையாட்டு.

"டீக்கடையில அடுப்பே இல்ல, டீ மட்டும் ஆவி பறக்குது. பேரிக்காய் மரத்துல வாழைத்தார் தொங்குது. எவன்கிட்டப் போனாலும் 'வருக வீரனே'ங்கிறான். பஸ்ஸுக்கு நிக்கிற கெழவியும் அதையேதான் சொல்லுது."

"மாத்திர்றேன்ப்பா," என்றான் பென்சன்.

காபியோடு வந்த அவன் மனைவி கேத்தரினுக்கு எரிச்சலாக வந்தது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் விளையாட்டைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். தள்ளிப்போனால் வேலைக்கே ஆபத்து. மாமனாரோ தினமும் விடிந்ததும் ஒரு புதுக் குறையோடு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

மாமியார் இறந்த பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாமல், ஒரு வார்த்தை பேசாமல் கிடந்த மனுஷர். அவரைப் பேசவைக்க அவள் படாத பாடு பட்டாள். இப்போது நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

அதைவிட அவளைக் குடைந்தது வேறு கேள்வி. பென்சன் பிறந்து வளர்ந்ததே கொடைக்கானலில்தான். போன விளையாட்டுக்கு விருதெல்லாம் வாங்கியவன். அவனுக்கா பேரிக்காய் மரம் தெரியாது? நேற்றுகூட அவன் விளையாட்டில் மூடுபனி தெருவை விட்டுவிட்டு வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததே.

"ஏம்மா கேத்தரின், நீயே சொல்லு. இதை எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"விடுங்க மாமா, பாவம், ராப்பகலா உக்காந்து பண்றாரு."

"உக்காந்து பண்ற லட்சணமா இது? நாளைக்கு வெள்ளனே வந்து பாப்பேன். எல்லாம் சரியா இருக்கணும்." காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கேத்தரின் கணவன் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏங்க, இப்படியே போனா எப்ப முடிச்சு அனுப்புவீங்க? எனக்குப் பயமா இருக்கு."

பென்சன் கீபோர்டுப் பக்கம் திரும்பினான். அவன் விரல்கள் விறுவிறுவென்று ஓடின. வாழைத்தார் மறைந்து பேரிக்காய் காய்த்தது. டீக்கடையில் அடுப்பு எரிந்தது. "பண்ணைக்காட்டு பஸ்ஸை இன்னும் காணோமே" என்று கிழவி அலுத்துக்கொண்டாள். ஏற்கெனவே செய்து வைத்ததை எடுத்துப் போட்டதுபோல, அத்தனையும் நொடியில் முடிந்தது.

பிறகு அவன் ஏரியில் மிதந்துகொண்டிருந்த படகை அப்படியே தூக்கி மலை உச்சியில் வைத்தான்.

"அது நல்லாத்தானேங்க மிதந்துச்சு?" என்றாள் கேத்தரின் திகைப்புடன்.

"கம்பெனிக்குப் போன வாரமே அனுப்பியாச்சு. உங்கிட்டச் சொன்னா உன் மூஞ்சியே காட்டிக்குடுத்துரும்," என்று தணிந்த குரலில் சொன்னான் பென்சன். "இது அப்பாவுக்கு. என்னைத் திட்டணும்னாவது நாளைக்கும் எந்திரிச்சு வருவாருல்ல?"