காலி மதிலில் ஒரு குடை

இலங்கையின் தென்கரையில், காலி நகரத்துக் கோட்டை மதில் நெடுகிலும் ஜோடிகள் குடை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு கறுப்புக் குடைக்குள் யோகேசும் நிலுக்சியும் ஒடுங்கியிருந்தார்கள்.

“குடைய இன்னும் பதிச்சுப் புடிங்க. ஒங்க சித்தப்பா மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட நின்னு தேடுறாரு.”

“தேடட்டும் நிலு. கட்டுகஸ்தோட்டையிலருந்து இவ்வளவு தூரம் வந்ததே ஒன்கூட ரெண்டு வார்த்த தனியா பேசத்தான்.”

“மாட்டுனா ஒங்க அம்மா என்னையப் பத்தி என்ன நெனப்பாங்க?”

“அம்மாவ நான் பாத்துக்கிறேன்.”

“கிழிச்சீங்க. அவங்க போன் அடிச்சாலே எந்திரிச்சு நின்னுக்கிட்டுத்தான் பேசுறீங்க.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. சித்தப்பாவின் குரல் குடைக்கு வெளியேயும் கேட்டது.

“டேய், புதுப் பொண்டாட்டிய எங்கடா கூட்டிக்கிட்டுப் போன? ஹனிமூன் வந்த எடத்துல இப்படியா காணாமப் போறது? வேன்ல பதினாலு பேரும் பசியோட இருக்கோம்.”

“நாங்க ரெண்டு பேரு மட்டும் போறோம்னுதான் சொன்னோம் சித்தப்பா. நீங்கதான் வேன் புடிச்சீங்க.”

“ரெண்டு பேரு மட்டும் போனா அதுக்குப் பேரு பயணமாடா? சரி, ஒங்க அப்பா அம்மாவக் கண்டியா? அவங்களையும் காணோம்.”

யோகேஸ் பதில் சொல்வதற்குள் பக்கத்துக் குடை மெல்லச் சாய்ந்தது. உள்ளே அப்பாவும் அம்மாவும் ஒரே ஐஸ்கிரீமை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா மகனின் காதருகே குனிந்தாள்.

“காணலன்னு சொல்லுடா. எங்களுக்குக் கல்யாணம் ஆனப்பவும் ஒங்க சித்தப்பாதான் வேன் புடிச்சாரு. இன்னைக்குத்தான் தப்பிச்சு வந்திருக்கோம்.”