உயரம் பார்க்கும் அறை

பன்னிரண்டு வயதாகியும் ஆறு வயதுப் பிள்ளையைப் போலவே இருந்த அபிதாவுக்கு, ஓர் அறக்கட்டளை வளர்ச்சி ஊசியை இலவசமாகக் கொடுத்துவந்தது. மாதாமாதம் உயரம் பார்த்துவிட்டு, பிள்ளை வளர்கிறாள் என்றார்கள். அம்மா செங்கமலத்துக்கு நம்பிக்கை வரவில்லை. போன தீபாவளிக்கு வாங்கிய சட்டையின் கை இன்னும் மகளின் விரல்களை மறைத்துக்கொண்டிருந்தது. இல்லாத வளர்ச்சியைக் காட்டி யாரிடமோ நன்கொடை வாங்குகிறார்கள் என்று சந்தேகப்பட்டாள். இந்த முறை கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அளக்கும் அறைக்குள் அவளும் கூடவே நுழைந்தாள்.

அபிதா சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். அளக்கும் மேடம் மூக்குக்கண்ணாடியைத் தேடி மேசைப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் செங்கமலம் பார்த்தாள். நீளப் பாவாடையின் ஓரத்துக்கடியில் மகளின் குதிகால்கள் தரையில் படவில்லை.

“என்னடி பண்றே?” என்று காதருகே குனிந்து கேட்டாள்.

“வளரலைன்னா ஊசிய நிறுத்திடுவாங்கம்மா. என்கூட ஊசி போட்டுக்கிட்ட ஜெனிக்கு அப்படித்தான் நிறுத்திட்டாங்க.”

மேடம் வந்து பலகையை அபிதாவின் தலைமேல் இறக்கினார்.

“கால் சரியா இருக்காம்மா?”

கேட்டவரின் பார்வை சுவரைவிட்டுக் கீழே இறங்கவேயில்லை. அது செங்கமலத்தை உறுத்தியது. இந்த மேடத்துக்கும் தெரியுமோ? தெரிந்துகொண்டேதான் கேட்கிறாரோ?

மகளின் கால்கள் நடுங்கத் தொடங்கின. செங்கமலம் உட்கார்ந்து, பாவாடையின் ஓரத்தைத் தரையில் படும்படி இழுத்துவிட்டாள்.

“சரியா இருக்கு மேடம். எழுதிக்குங்க.”