எப்போ எடுக்கிறாங்க?

இறந்துபோனதில் அவருக்குப் புகார் எதுவும் இல்லை.

காத்திருக்க வைத்ததில்தான் கோபம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர்ந்துகொண்டு கிடந்தார். விடிகாலையில் உயிர் போனது. இப்போது வெயில் பந்தலைத் தாண்டி வாசற்படி ஏறிவிட்டது. தெரு ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

எப்போ எடுக்கிறாங்க?

பதில் சொல்ல வேண்டியவர்கள் மூன்று மகன்கள். நடுவன் துபாயில், பாஸ்போர்ட் முதலாளி கையில். இளையவன் கப்பலில்; எந்தக் கடலோ. மூத்தவன் கனடாவில். மூவரும் ஒரே நேரத்தைச் சொல்ல வேண்டும். ஒருவனை விட்டுவிட்டு இருவர் முடிவு செய்தால் ஆயுளுக்கும் பேச்சு வரும்.

கொள்ளி வைக்க அவருடைய தம்பி மகன் வேட்டி மாற்றிக்கொண்டு தயாராக நின்றான்.

மைத்துனர் சண்முகக்கனி போனும் கையுமாக முருங்கை மரத்தடியில் நின்றார். அங்கேதான் சிக்னல்.

நடுவன் பன்னிரண்டு மணி என்றான், அண்ணன் சரி என்றால். இளையவன் அண்ணன்கள் சொன்னால் சரி என்றான்; கப்பல் லைன் அறுந்தது. மூத்தவனுக்கு மணி அடித்தது. எடுக்கவில்லை. அனுப்பிய செய்திக்கு இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை.

தூங்குகிறானா. கோபமா. விமானம் ஏறக் கிளம்பிவிட்டானா.

இங்கிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மௌனம்தான்.

கிளம்பித்தான் இருப்பான் என்று நடுவன் தானே முடிவுகட்டி, நாளைக்கு என்று மாற்றினான். கடலில் இருந்தவனுக்கு இன்னும் பன்னிரண்டுதான். மேளக்காரர்களுக்கு இன்றைக்கு என்று சொல்லியிருந்தது. சுடுகாட்டுக்கு நாளைக்கு என்று ஆள் போயிருந்தது. மேளம் கொட்டும், நிற்கும், மறுபடி கொட்டும்.

பந்தலில் ஒருவர் சொன்னார்: "இதுக்கு அவரே எந்திரிச்சு நடந்து போயிரலாம்வே."

"போவாரு. மூத்தவன் சரின்னு சொல்லணும்லா."

அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் அவர். ஒற்றைப் பாதையில் வண்டி விட்டவர். அடுத்த ஸ்டேஷனிலிருந்து பதில் வராவிட்டால் கம்பி அறுந்திருக்கலாம். அங்கிருப்பவன் செத்தே போயிருக்கலாம். அதற்காக வண்டியை அங்கேயே துருப்பிடிக்க விடுவதில்லை. வெறும் இன்ஜினில் ஓர் ஆளை ஏற்றி, மெதுவாகப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்புவார்கள். ரயில்வேக்கே தெரிந்த விஷயம் பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

அதுகூடப் பரவாயில்லை.

தலைமாட்டில் மகள் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். படுக்கையில் கிடந்தவருக்குக் கடைசிவரை எல்லாம் செய்தவள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் உடனே வந்திருக்கும். முருங்கை மரம்கூட வேண்டியதில்லை.

அவளுக்குச் சர்க்கரை. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு அப்பாவுக்குக் காபி கொண்டுவந்தாள். காபி ஆறிப்போய் எங்கேயோ இருக்கிறது. பிணம் வெளியேறும்வரை வீட்டார் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. ஊர் வழக்கம்.

நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. விரல்கள் நடுங்கின.

அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

சர்க்கரை இறங்குகிறது என்று அவருக்குத் தெரிந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதானே கிடந்தார்.

முழங்காலால் பெட்டியை ஓர் இடி இடித்தார்.

இறந்தவர் இடிப்பாரா என்று கேட்காதீர்கள். இடித்தார். பெட்டி வாடகைக்காரர் கம்ப்ரஸர் என்று சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மூடியின் மேல் இருந்த வாழைப்பழம், குத்தியிருந்த ஊதுபத்தியோடு உருண்டு, மகளின் மடியில் விழுந்தது.

அவள் அதையே பார்த்தாள்.

ஊதுபத்தியைப் பிடுங்கிப் போட்டாள். உரித்தாள். தின்றாள்.

ஒப்பாரி நின்றது.

"ஏட்டி பேச்சி, பொணம் கெடக்கையில..." என்று இழுத்தாள் பக்கத்து வீட்டுச் சொர்ணம்.

"அப்பாதான் குடுத்தாரு," என்றாள், வாயில் பழத்தோடு. "எடுக்கச் சொல்லுங்க மாமா."

சண்முகக்கனி யோசித்தார். வீட்டார் சாப்பிட்டுவிட்டால் பிணம் வீட்டில் இருக்கக் கூடாது. தின்ற பழத்தைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே பிணத்தைத்தான் எடுக்க வேண்டும்.

சுடுகாட்டுக்கு மறுபடி ஆளை ஓட்டினார். போனை அவள் கையில் திணித்தார்.

"தூக்குங்கப்பா."

கிழவர் கனமே இல்லை என்று தூக்கியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். தெருமுனைக்கு அப்புறம் தாங்கள் சுமக்கவே இல்லையாம். அவர்தான் இழுத்துக்கொண்டு போனாராம்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவள் தலைமுழுகிவிட்டு வந்தாள். சொர்ணம்தான் சோறும் ரசமும் கொண்டுவந்தாள்.

போன் அடித்தது. மூத்தவன்.

இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

"மாமா, இப்பதான் பாத்தேன். என்ன முடிவு பண்ணிருக்கீங்க? என்னைக் கேக்காம ஒண்ணும் செஞ்சிராதீங்க."

வாய் நிறையச் சோறு.

"ஹலோ. மாமா. லைன்ல இருக்கீங்களா?"

மென்றாள்.

"ஹலோ."

அவசரமில்லாமல் மென்றாள்.