தலைகீழ்ப் பேய்

மாணவர்களான அணிலும் வௌவாலும் சேர்ந்து ஒரு பேய்ப்படம் எடுத்தன. அணில் நோட்டீஸ் வரைந்தது, வௌவால் போஸ்டர் வரைந்தது. நோட்டீஸோடு வந்த முயல்கள் வாசலில் போஸ்டரைப் பார்த்துவிட்டு, "இது வேற படம் போல" என்று திரும்பிப் போய்விட்டன.

அணிலுக்கு அழுகையே வந்துவிட்டது. "பேயைத் தலைகீழா வரைஞ்சு வெச்சிருக்கியே!"

"தொங்கிக்கிட்டுதானே வரைஞ்சேன். எனக்கு நேராத்தான் தெரியுது" என்றது வௌவால்.

அப்படி என்னதான் தெரிகிறது என்று அணிலும் கிளையில் தொங்கிப் பார்த்தது. போஸ்டர் பேய் சாதுவாக நின்றது. ஆனால் பக்கத்தில் ஒட்டியிருந்த தன் நோட்டீஸ் பேய் தலைகீழாகச் சிரித்ததும் அணிலின் வால் சிலிர்த்துவிட்டது.

"தலைகீழா இருந்தா இவ்வளவு பயமா இருக்குமா!" என்று இறங்கி, எல்லா நோட்டீஸையும் போஸ்டரைப் போலவே தலைகீழாக வரைந்து கொடுத்தது.

மறுநாள் முயல்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தன.

"அய்யோ, அதே பேய்!" என்று ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தன.