ஆஜர்

“மாத்தும்போது அது எத்தனை நிமிஷம் நிக்கும்?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் மைதீன் பிச்சை.

“இருபது நிமிஷம் மாமா. அது நாளைக்குக் காலையில ஏழு மணிக்குத்தானே பேசப் போகுது? இப்ப மணி ரெண்டு. எதுக்கு இப்படிப் பதறுறீங்க?” லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள் ஷாயிஸ்தா.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இதே கட்டடத்தில் கீழ்த் தளத்தில் குடியிருந்தாள். மேற்குத் தாம்பரத்தில் நாற்பது வருஷம் மோட்டார்களுக்குக் காயில் கட்டிய மைதீன் பிச்சை, மனைவி மௌத்தான பிறகு மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். ஒரே மகன் சாஹில் புனேயில்.

போன வருஷம் சாஹில் ஒரு சாட் சர்வர் தொடங்கி, அதில் பாட் என்கிறார்களே, தானாகப் பேசும் நிரல், அப்படி ஒன்றை எழுதி விட்டிருந்தான். அந்தச் சர்வரில் அப்பா, மகன், பாட் தவிர வேறு யாரும் கிடையாது. தினமும் காலை ஏழு மணிக்கு, ‘அத்தா, எந்திரிச்சாச்சா?’ என்று அது கேட்கும். இவர் ‘ஆஜர்’ என்ற பொத்தானை அழுத்துவார். அதைப் பார்த்துவிட்டு மகன் ‘சரி’ என்று அழுத்துவான். எட்டு மணிக்குள் ஆஜர் வராவிட்டால் மகனின் போனில் மணி அடிக்கும்.

இதுவரை எங்கோ வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதை வாடகைக்கு விட்ட கம்பெனி மாதக் கடைசியோடு மூடப்போகிறது. ‘போதும் அத்தா, நிறுத்திடலாம்’ என்று சாஹில் எழுதியிருந்தான். இவர்தான் விடாமல் எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லி வாங்கி, வீட்டிலேயே ஓடவைக்க ஒரு பழைய லேப்டாப்பும் வாங்கி வைத்திருந்தார். கரண்ட் போனாலும் நிற்கக் கூடாதென்று, தன் ஃபேனின் வயரை இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிவிட்டு லேப்டாப்பை அதில் மாட்டியிருந்தார்.

பெற்றவரை விசாரிக்க ஒரு மெஷின். இப்போது அதுவும் பாரமாகிவிட்டதாக்கும், என்று ஷாயிஸ்தாவுக்கு எரிந்தது.

“நீங்க புனேவுக்கே போய் இருந்துடலாமே மாமா?”

“கேட்டுப் பாத்தேன். வேணாம்ங்கிறான்.”

அவள் கீபோர்டை வேகமாகத் தட்டினாள்.

வேலை நினைத்த மாதிரி முடியவில்லை. பழைய நிரல், புதிய மென்பொருளில் ஓட மறுத்தது. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தவள், கடைசியில் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டாள்.

“மாமா, இந்த ‘சரி’ பொத்தான் மட்டும் வர மாட்டேங்குது. எடுத்துடறேன். நீங்க ஆஜர் போட்டா அவருக்குப் போயிடும். அவர் சரின்னு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?”

“அது வேணும்மா.”

“இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“ஆகட்டும். நான் டீ போடுறேன். அதை மட்டும் எடுத்துடாத.”

அவர் போனைக் காதில் வைத்தபடியே சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோதும் போன் காதிலேயே இருந்தது.

“யாருக்கு மாமா?”

“சாஹிலுக்கு. மணி அடிக்குது, எடுக்கல.”

“சனிக்கிழமை. தூங்கிட்டிருப்பாரு.”

அவர் டம்ளரைப் பார்க்காமல் வைத்ததில் டீ மேசையில் சிந்தியது. வயசாகிவிட்டது, தனிமை வேறு, என்று நினைத்துக்கொண்டாள்.

நிரலைத் திருத்தும்போது பழைய பதிவுகள் கண்ணில் பட்டன. அப்பாவின் ஆஜர் எல்லா நாளும் ஏழு மணி, ஏழு ஒன்று. மகனின் ‘சரி’ முதலில் ஏழு ஐந்து, ஏழு பத்து. போன மாதத்திலிருந்து பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு மணி. இன்றைக்கு இல்லவே இல்லை.

அவளால் பொறுக்க முடியவில்லை. “பாருங்க மாமா. நீங்க விழுந்து கிடந்து மணி அடிச்சாகூட இவர் எடுப்பாரான்னு சந்தேகமா இருக்கு.”

“தெரியும்மா” என்றார் மெதுவாக. “நீ சீக்கிரம் சரிபண்ணு.”

நாலரை மணிக்கு ‘சரி’ பொத்தான் உயிர் பெற்றது. பாட்டை ஓடவிட்டாள். அதற்குப் பிறகும் கிழவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஓடாத அறையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் போன் டிங் என்றது. சாஹில்: சரி.

மைதீன் பிச்சை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஷாயிஸ்தா பதறிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அழாதீங்க மாமா. அவர் பாக்காட்டி என்ன? இனிமே ஆபீஸ் போறதுக்கு முன்னாடி தினமும் நானே மேல வந்து உங்களைப் பாத்துட்டுப் போறேன்.”

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

“எனக்கு என்னம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். போன வருஷம் ரெண்டு தடவை சாகத் துணிஞ்சவன்மா அவன். தனியா இருக்கப் பயமா இருக்குடான்னு பொய் சொல்லி நான்தான் அவனை இதை எழுத வச்சேன். அத்தா உசுரோட இருக்காரான்னு பாக்கவாவது அவன் தினமும் கண்ணு முழிக்கணும்ல?”