நோக்கச் சான்று

முடிவு யாருக்குச் சாதகம் என்று பார்த்துத் தரும் நோக்கச் சான்று இல்லாமல் எந்த ஆய்வும் வெளிவராத காலம் அது. ஊர்க் கிணற்றில் குழந்தைகளின் கால் எலும்பை வளைக்கும் ஃபுளோரைடு, பாறையிலிருந்தே ஊறுகிறது, பக்கத்து ஆலையிலிருந்து அல்ல என்று நிலவியல் பேராசிரியை மாதங்கி எழுதியிருந்தாள்.

சான்றுக் குழுத் தலைவர் இன்பசேகரன் கட்டுரையைத் திருப்பித் தந்தார். "கணக்கெல்லாம் சரிதாம்மா. ஆனா இது முதலாளிக்குச் சாதகமால்ல போகுது? நீங்க நம்ம ஆளு. அந்த ஒரு வார்த்தையை மாத்திடுங்க."

அவளும் அந்த ஆலைக்கு எதிராகக் கொடி பிடித்தவள்தான். 'பாறை'யை அடித்துவிட்டு 'ஆலை' என்று எழுதினாள். சான்று கிடைத்தது. ஆலையை மூடினார்கள்.

பாராட்டு விழாவில் நிறைமாதக் கர்ப்பிணியான செங்கம்மா மாதங்கியின் கையைப் பற்றிக்கொண்டாள். "மூத்தவளுக்குத்தான் காலு வளைஞ்சு போச்சு மேடம். இனிமே கிணத்துத் தண்ணியைப் பயமில்லாம குடிக்கலாம்ல?"

இன்பசேகரன் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கலாம்மா" என்றாள் மாதங்கி.