சுருள் நிற்க வேண்டும்

உத்தமபாளையத்தில் ஷாஜியா நடத்தும் பியூட்டி பார்லருக்குள் நுழையும்போதே கயல் படபடப்பாக இருந்தாள்.

"முடி பூராவும் சுருட்டையாக்கணும்க்கா. சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்."

இடுப்புக்குக் கீழே தொங்கிய நேரான கூந்தலை ஷாஜியா கையில் ஏந்திப் பார்த்தாள். "இம்புட்டுக் கனத்துல சுருள் நிக்காதே ஆத்தா!"

ஆனாலும் கெஞ்சலைத் தட்ட முடியவில்லை. சிறு சிறு கற்றையாகப் பிரித்து, ஸ்பிரே அடித்து, சூடான கம்பியில் சுற்றி, ஆறும்வரை கிளிப் மாட்டிவைத்தாள். கிளிப்பை எடுத்த கால் மணி நேரத்தில் சுருளெல்லாம் இறங்கிவிட்டது.

"தோள் அளவுக்கு வெட்டினா நிக்கும்" என்றாள் தயங்கியபடி.

கயல் கண்ணாடியில் ஒரு நிமிடம் தன்னையே பார்த்தாள். "வெட்டுங்கக்கா."

தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட மங்காத புதுப்பெண். ஷாஜியாவுக்குச் சிரிப்பு வந்தது. "மாப்பிள்ளைக்குச் சுருட்டை முடி மேல அம்புட்டு ஆசையா?"

"அவுகளுக்காக இல்லக்கா. அவுக மக இனியாவுக்கு. பெத்த தாய் இல்லாத புள்ள. அவளுக்குச் சுருட்டை முடி. 'ஒனக்குச் சுருட்டை, வீட்டுக்குப் புதுசா வந்தவுகளுக்கு நேர் முடி. அவுக ஒங்கம்மாவே இல்ல'ன்னு கூடப் படிக்கிற புள்ளைக கேலி பண்ணுதுகளாம். இன்னைக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா."

ஷாஜியா கத்தரியை எடுத்தாள்.

விழாவுக்குப் போகும் வழியில் கயலைக் கூட்டிப்போகப் பார்லர் வாசலில் வந்து நின்ற அப்பாவின் பைக்கிலிருந்து இறங்கி ஓடிவந்த இனியா, கயலின் தோளில் ஆடிய சுருள்களைக் கண்டு வாயைப் பிளந்தாள். ஒரு சுருளை இழுத்து விட்டாள். அது துள்ளி மேலே ஏறியது.

"நல்லாருக்கும்மா" என்றவள் தன் தலையைப் பெருமையாகத் தடவிக்கொண்டாள். "ஆனா என்னுதுதான் ஒரிஜினல்!"